மிச்சம் வைத்த மாத்திரை

தரை கழுவும் லைசால் வாசனை வந்தாலே, வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் டைபாய்டு காய்ச்சலோடு கிடந்த தங்கச்சி கண்ணுக்குள் வருவாள். டிஸ்பென்சரி ஐயா கொடுத்த மாத்திரையில் மூன்றே நாளில் காய்ச்சல் விட்டது. உடனே அம்மா, அடுத்த காம்பராப் பிள்ளைக்கும் சூடு என்று, மிச்ச மாத்திரையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். லயத்தில் ரசத்தைக்கூட அப்படித்தான் பங்கு வைப்போம்.

நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தேன். அந்த மருந்து டைபாய்டு கிருமியைக் கொல்வதில்லையாம். கிருமிக்குள் புரதம் கட்டுகிற ரைபோசோம்களில் போய் உட்கார்ந்து, வேலையை நிறுத்தி வைக்குமாம். மருந்து எழுந்து போனால் வேலை மறுபடி தொடங்கும்.

தொடங்கியது. மாத்திரை நின்ற பத்தாம் நாள் காய்ச்சல் திரும்பிவந்தது. அவள் பிழைத்து வந்தது பிறகு. அன்றைக்கு யாருக்கும் நம்பிக்கையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் லொறியில் ஏற்றியபோது, "நாந்தான் கெடுத்தேன்" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள். தங்கச்சி அவள் விரலைப் பிடித்துச் சொன்னாள்: "அழுவாதம்மா. நம்ம மாத்திரை தின்ன அந்தப் புள்ளைக்கும் காச்சல் திரும்பி வந்திருக்கும், போய்ப் பாரு."