என் மகள் நியூ ஜெர்சியில் இல்லை

பொய்யை முதலில் சொன்னது என் கணவர். அதற்குக் கை கால் வைத்தது நான்.

எங்கள் ஒரே மகள் பத்தொன்பது வயதில் கல்லூரியை விட்டுவிட்டு, டெக்சஸில் ஊர் ஊராக மதுக்கூடங்களிலும் நடனக் கூடங்களிலும் கன்ட்ரி பாட்டுப் பாடப் போய்விட்டாள். எண்பதுகளின் தொடக்கம் அது. ஹூஸ்டனில் நாங்களும் எங்களோடு பழகிய தமிழ்க் குடும்பங்களும் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு போவோம். மூடியைத் திறப்பதற்குள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். அவள் போன பிறகு வந்த முதல் விருந்துக்குக் காரில் போகும்போது கணவர் சொன்னார்: "ஜெர்சில தம்பி வீட்ல தங்கி பார்மசி படிக்கிறதா சொல்லிடலாம். யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?"

அவருடைய தம்பி நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தார். அவருக்கும் போன் செய்து சொல்லி வைத்தேன்.

"அண்ணி, யாராவது கூப்பிட்டு அவகிட்ட பேசணும்னா?"

"லைப்ரரிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க தம்பி."

"எப்பக் கூப்பிட்டாலுமா?"

"நல்லா படிக்கிற பொண்ணாச்சே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு அது வளர்ந்தது. அவளுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ரயிலில் போய்வருகிறாள் என்றேன். கெமிஸ்ட்ரியில் மட்டும் ஒரு மார்க் குறைந்தது என்றேன். எல்லாமே நன்றாக நடந்தால் நம்ப மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியிருந்தது. ஓர் ஆன்ட்டி தன் அண்ணன் மகனுக்கு அவள் ஜாதகம் கேட்கும் அளவுக்குப் போனது. படிப்பு முடியட்டும் என்று சொல்லிவைத்தேன்.

உண்மையில் அவள் ஒரு பழைய வேனில் வாழ்ந்துகொண்டிருந்தாள். கூட மூன்று பேர்: டிரம்ஸ் வாசிப்பவர், பேஸ் கிட்டார் வாசிப்பவர், அவருடைய மனைவி. அவள் பாடிய வகைக்கு 'அவுட்லா', சட்டத்தை மீறித் திரிபவன், என்று பெயர். அதைக் கேட்டதும் போலீஸ் தேடுகிறதா என்றுதான் என் கணவர் கேட்டார். நாஷ்வில் ரெக்கார்டு கம்பெனிகள் எழுதிக் கொடுப்பதைப் பாடாமல், சொந்தமாக எழுதி, சொந்த ஆட்களோடு, மெருகில்லாத குரலில் பாடுகிறவர்கள் என்று விளக்கினாள். அவளையும் ஒரு கம்பெனி கூப்பிட்டது. அவளுடைய பாட்டுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு வேறொருவர் எழுதிய பத்துப் பாட்டுகளைக் கையில் கொடுத்தார்களாம். அதை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஆனால் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டாள். யாரோ ஒரு மதுக்கூட முதலாளி அவளை மெக்சிகோப் பெண் என்று நினைத்து ஒரு பெயரைப் பலகையில் எழுதிவிட, அதையே வைத்துக்கொண்டாள். அவளோடு வாசித்தவர்களுக்கே எங்கள் பெயர் தெரியாது.

ஒரே ஒரு தடவை அவள் பாடிக் கேட்டிருக்கிறேன். ஹூஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு நடனக் கூடம், ஞாயிறு பிற்பகல். புடவைமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றேன். சிறையில் இருக்கும் கணவனைப் பார்க்க பஸ்ஸில் போகும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு. அந்தப் பெண் வழியில் பாதியில் இறங்கிவிடுகிறாள். பூட்ஸ் போட்ட பெரிய பெரிய ஆண்கள் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் மகளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பயமாக இருந்தது. பாட்டில் எங்கள் வீட்டைப் பற்றி எதுவும் இல்லை என்று நிம்மதியாகவும் இருந்தது. அவள் பார்ப்பதற்குள் வந்துவிட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

எப்போதாவது போன் செய்வாள். பேச்சு சண்டையில் முடியும். அதனால் மூன்று வாரம் சத்தமே இல்லை என்றால் நான் பதறுவதில்லை. அந்த வருஷம் மார்ச் மாதமும் அப்படித்தான் பதறாமல் இருந்தேன்.

அந்த மாத விருந்தில் எங்கள் கூட்டத்து டாக்டர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணி நேரத் தூரத்தில் ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. குடும்பம் ஹூஸ்டனில். என் மகளைப் பன்னிரண்டு வயதில் பொங்கல் விழாவில் பாடும்போது பார்த்தவர்.

"அக்கா, உங்க பொண்ணு ஜெர்சிலதானே இருக்கா?"

"ஆமா டாக்டர், ஜெர்சிலதான்."

"அதான் நானும் நெனச்சேன். எங்க ஐசியூல ஒரு பொண்ணு, அச்சு அசல் அவ மாதிரியே. வேன் கவுந்துடுச்சு. ஓட்டினவர் அங்கேயே போயிட்டார். பாட்டுக்காரங்களாம்."

என் கையில் புளியோதரை உருண்டை இருந்தது. அதை வாயில் போட்டு மென்றேன். "பாவம்" என்றேன். எதிரே ஜாதகம் கேட்ட ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கழுவினேன். ஸ்பாஞ்சில் சோப்பு வைத்து, பின்பக்கமும் தேய்த்துக் கழுவினேன். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து எல்லார் முன்னாலும் கேட்டேன்: "அந்தப் பொண்ணு பேரு என்ன டாக்டர்?"

அவர் சொன்னது அந்த மெக்சிகோப் பெயர், என் மகள் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டது. "அது என் பொண்ணுதான்" என்றேன்.

டாக்டர் அழுதுவிட்டார். "ரெண்டு நாள் அவ பெட் பக்கத்துல போய் நின்னு பார்த்தேன் அக்கா. போனைக் கையில எடுத்துட்டேன். படிக்கிற பொண்ணைப் பத்தி ஏன் அபசகுனமா கேக்கணும்னு வெச்சுட்டேன்." அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது?

ஒன்பது நாள் அவள் அங்கே நினைவில்லாமல், யாருமில்லாதவளாகக் கிடந்திருக்கிறாள். கைப்பை வேனோடு எரிந்துபோயிருந்தது. பேஸ் வாசிப்பவர் கால் முறிந்து வேறு ஆஸ்பத்திரியில் இருந்தார். அன்று அவர் மனைவி வேனில் போகவில்லை. வீட்டார் யார் என்று கேட்டபோது இரண்டு பேருமே தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும், குரலுக்கு ஆபத்து வரலாம், யாரிடம் கேட்பது என்று இரண்டு நாள் தேடிவிட்டு, டாக்டர்களே முடிவெடுத்துச் செய்திருந்தார்கள்.

நாங்கள் போனபோது பார்வையாளர் நேரம் முடியச் சிறிது நேரமே இருந்தது. அன்றுதான் நினைவு திரும்பி அவள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். எதுவும் எழுதிக் காட்டவில்லை, காகிதமும் பென்சிலும் பக்கத்தில் இருந்தும்.

குழாயை எடுக்க ஐந்து வாரம் ஆனது. வந்த குரல் குரலே இல்லை. உலர்ந்த துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அதில் அவள் முதலில் கேட்டது, வழக்கம்போல ஆங்கிலத்தில், "நான் எங்கே இருக்கேன்னு சொல்லி வெச்சிருந்தீங்க?" டாக்டர் சொல்லியிருக்க வேண்டும்.

"ஜெர்சியில."

"என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"பார்மசி."

"நல்லா படிச்சேனா?"

"கெமிஸ்ட்ரியில மட்டும் ஒரு மார்க் குறைஞ்சுது" என்றார் என் கணவர். அவர் கிண்டல் செய்யவில்லை. கேள்விக்குப் பதில் சொன்னார். அவள் சிரிக்கப் போய் இருமினாள். நர்ஸ் ஓடிவந்தாள்.

வீட்டில் அவளுடைய அறையைத் தயார் செய்துவைத்திருந்தேன். காரின் பின்சீட்டில் இரண்டு தலையணை, ஒரு போர்வை. வெளியே விடும் நாளில் நர்ஸ் படிவத்தோடு வந்து, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள். நான் எங்கள் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள் பேஸ் வாசிப்பவரின் மனைவி பெயரைச் சொன்னாள், மனப்பாடமாக எண்ணையும் சொன்னாள்.

நர்ஸ் என்னைக் காட்டி, "அப்போ இவங்க?" என்றாள்.

"எங்க அம்மா. இவங்களைக் கூப்பிட்டா நான் வேற ஊர்ல இருக்கேன்னு சொல்லிடுவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். வெளியே பேஸ் வாசிப்பவரின் மனைவி பிக்கப் லாரியோடு காத்திருந்தாள். மகள் அதில் ஏறினாள். என் கணவர் எங்கள் காரின் பின்கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றார். மூடச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

இன்னும் மாதா மாதம் விருந்துக்குப் போகிறேன். என்னிடம் யாரும் பிள்ளையைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரம் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண், விவரம் தெரியாமல், "உங்க பொண்ணு எங்க இருக்காங்க ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டாள்.

"தெரியலம்மா" என்றேன். அது உண்மை.