இணைப்பு வந்துவிட்டது, சார்

இருபத்து மூன்று வயதில் எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில். ஆபீஸ் என்றால் ஷெட்டின் ஓரத்தில் பிளைவுட்டால் தடுத்த ஓர் அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன், நான். இன்டர்நெட்டும் அந்த ஒரே லைனில்தான் வரும். நெட் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு.

ஷெட்டில் என்னோடு நெருக்கமாக இருந்தது ஓர் அக்கா. கவரைப்பேட்டையிலிருந்து வருவாள், கான்ட்ராக்ட் ஆள். வெல்டிங் வைத்த இடத்தில் கறுப்பும் நீலமுமாகக் கறை படியும். அதன்மேல் ஒரு பேஸ்ட்டை பிரஷ்ஷால் தடவி, கொஞ்ச நேரம் விட்டுக் கழுவினால் உலோகம் பளிச்சென்று ஆகிவிடும். அதுதான் அவள் வேலை. மத்தியானச் சாப்பாட்டை இருவரும் என் அறையில்தான் பிரிப்போம். அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பு வாசம் பைல்களில் எல்லாம் ஏறிவிடும் என்று மேனேஜர் கடிந்துகொள்வார்.

ஒரு வெளிநாட்டு கம்பெனி, தங்கள் பேஸ்ட்டைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லி சாம்பிள் அனுப்பியது. வெள்ளை டப்பா, அதன்மேல் ஒரு நம்பர் மட்டும் ஒட்டியிருந்தது. கூடவே ஒரு மெயில்: பொருளின் பாதுகாப்பு விவரங்கள் இணைப்பில் உள்ளன, உபயோகிக்கும் முன் படிக்கவும். இணைப்பை கிளிக் செய்தேன். கோப்பு சேதமாகியிருக்கிறது, சரிசெய்ய முடியாது என்று ஒரு பெட்டி வந்தது. மூடிவிட்டேன். அன்று டிஸ்பாட்ச் நாள், லாரி காத்திருந்தது.

சாயங்காலம் மேனேஜர் கேட்டார்: “சாம்பிளுக்கு சேஃப்டி ஷீட் வந்துச்சா?”

“வந்துச்சு சார்.”

வந்தது உண்மைதான். திறக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. டப்பாவும் மெயிலும் ஒரு வாரம் அப்படியே கிடந்தன.

அடுத்த வாரம் மேனேஜர் சென்னைக்குப் போயிருந்த ஒரு நாள், ஃபோர்மேன் அந்த டப்பாவைத் திறந்து அக்காவிடம் கொடுத்திருக்கிறார். பத்து மணி வாக்கில் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள்.

“கண்ணு, இந்த வெரல பாரேன். ஒண்ணுமே தெரியல. ஆனா உள்ளாற குத்துது.”

பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனியில் லேசாகச் சிவந்திருந்தன. கொப்புளம் இல்லை, தோல் உரியவில்லை. துணி கிளவுஸின் விரல் நுனியில் ஓட்டை.

“கழுவுனியாக்கா?”

“அப்பவே கழுவிட்டேன். ஒரு மணி நேரம் ஒண்ணும் இல்ல. இப்பதான் எலும்புல ஆணி அடிக்கிற மாதிரி கீது.”

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் வேர்த்தது. பிரசவத்துக்கு முந்தைய நாள் வரை நாற்று நட்டதாகச் சொல்பவள், சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஃபோர்மேன் அவளைக் கம்பெனி வேனில் ஏற்றி, பஜார் பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. ஃபோர்மேன் குரல் பதறியது.

“ம்மா, டாக்டர் இன்னா ஆசிட்டுன்னு கேக்குறாரு. சாதாரண ஆசிட்டுனா இப்டி வலிக்காதாம். ஊசி போட்டும் கத்திக்கினே இருக்குது. அந்த டப்பாவுக்குப் பேப்பர் வந்துச்சுன்னு சார் சொன்னாரே, அதைப் படிச்சு சொல்லு.”

அனுப்பிய கம்பெனிக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். அவர்கள் ஊரில் அப்போது விடியவே இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிட்டு நெட்டைப் போட்டேன். மோடம் கீச்சிட்டு, இரைந்து, ஒரு வழியாகச் சேர்ந்தது.

கிளிக் செய்தேன். அதே பெட்டி. சேதமாகியிருக்கிறது. டெஸ்க்டாப்பில் சேமித்துத் திறந்தேன். அதே பெட்டி. பெயரை மாற்றிச் சேமித்தேன். அதே.

நெட்டை வெட்டிவிட்டு, எங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வருகிறவருக்குப் போன் போட்டேன். அவர் ஊத்துக்கோட்டையில் வேறு ஏதோ வேலையில் இருந்தார்.

“மேடம், பிரவுசர் பழைய ஃபைலையே எடுத்துக் குடுக்கும். டூல்ஸ்ல போயி டெம்பரரி ஃபைல்ஸ் எல்லாத்தையும் டெலீட் பண்ணுங்க. பண்ணிட்டு திரும்ப டவுன்லோடு பண்ணுங்க.”

செய்தேன். மறுபடி மோடம், மறுபடி பாஸ்வேர்டு. அதே பெட்டி. கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன். அது எழுந்திருக்க எடுத்த நிமிஷங்களில் நான் எழுந்து நின்று மேஜையைக் குத்தினேன். ஒரு வாரம் முன்னால் இதே பெட்டியைப் பார்த்துவிட்டு லாரிக்குப் பில் போடப் போன என்னை நானே அறையவேண்டும் போலிருந்தது. அது எழுந்ததும் மறுபடி நெட்டைப் போட்டு நான்காவது முறையாகச் சேமித்தேன்; அதே பெட்டி.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் தன் செல்போனோடு ஓடிவந்தார். என் லைன் கிடைக்காமல் ஃபோர்மேன் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்.

“இன்னாம்மா, இன்னும் தொறக்கலயா? வெரலு வெள்ளையா மாறுதாம். டாக்டர் சென்னைக்கு இட்டுக்கினு போங்கன்றாராம்.”

“அஞ்சு நிமிஷம் குடுக்கச் சொல்லுங்கண்ணா.”

“அஞ்சு நிமிஷத்துல தொறந்துடுமா?”

அவர் போகாமல் அங்கேயே நின்றார். போனின் மறுமுனையில், தூரத்தில், அக்காவின் குரல் கேட்டது. அதில் வார்த்தை எதுவும் இல்லை.

மெயிலையே வெறித்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. இணைப்பின் பக்கத்தில் அதன் அளவு போட்டிருந்தது: இருநூற்றுப் பன்னிரண்டு கேபி. டெஸ்க்டாப்பில் நான் சேமித்து வைத்த நான்கும் ஒரே அளவு, ஒன்பது கேபி. பாதியில் அறுந்திருந்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் அல்லவா அறுந்திருக்கும்?

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதில் ஒன்றை நோட்பேடில் திறந்தேன். புரியாத கட்டங்களும் கோடுகளும் வரும் என்று நினைத்தேன். படிக்கக்கூடிய இங்கிலீஷ் வந்தது. நடுவில் இரண்டு சொற்கள்: யூசர்நேம், பாஸ்வேர்டு.

அது அந்தக் கம்பெனியின் பேப்பரே இல்லை. மெயிலுக்குள் நுழையும் முதல் பக்கம்.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டர்காரர், நெட் மெதுவாக இருக்கிறது என்று நான் புலம்பியதற்காக, டவுன்லோடு வேகமாக ஆவதற்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டுவிட்டுப் போயிருந்தார். எதைக் கிளிக் செய்தாலும் அதன் சின்ன ஜன்னல் முந்திக்கொண்டு வந்து வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு டிராயிங்குகள் கூரியரில்தான் வரும், அதனால் மெயில் இணைப்பு எதையும் அதன் பிறகு நான் திறந்ததில்லை. நான் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே வந்தது பிரவுசருக்குத்தான் தெரியும். இந்த சாஃப்ட்வேர் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறது. நீ யார், பாஸ்வேர்டு சொல் என்று ஒரு பக்கம் பதிலாக வந்திருக்கிறது. அதையே அந்தக் கோப்பின் பெயரில் சேமித்துக் கொடுத்திருக்கிறது. இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அன்று ஒரு நொடியில் விளங்கியது.

திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்த சாஃப்ட்வேரின் சின்னப் படம் இருந்தது. அதை மூடினேன். மெயிலுக்குப் போய்க் கிளிக் செய்தேன். இந்த முறை பிரவுசரின் சொந்தப் பெட்டி வந்து, எங்கே சேமிக்க என்று கேட்டது. பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. லைன் அறுந்துவிடக் கூடாது என்று, யாரும் தொடாத டெலிபோனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன்.

கோப்பு திறந்தது.

இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். தோலில் வெளியே தெரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும், வலி தாமதமாக வரும் என்று எழுதியிருந்தது. வாட்ச்மேன் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கினேன்.

“டாக்டர்கிட்ட குடுங்க.”

டாக்டர் வந்தார். பெயரைச் சொன்னேன்.

“ஸ்பெல்லிங் சொல்லும்மா.” சொன்னேன். “சிகிச்சை என்ன போட்டிருக்கு? அப்படியே படி.”

“கால்சியம் குளூக்கோனேட் சார். ஜெல்லா தடவணும். இல்லைன்னா ஊசியா...”

“அது இங்கேயே இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே யாரையோ கூப்பிட்டார். போன் அணைந்தது.

வாட்ச்மேன் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் வலி அடங்கியது என்று பிறகு ஃபோர்மேன் சொன்னார். அதன்பின் சென்னைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நடுவிரல் தப்பியது. ஆள்காட்டி விரலில் மேல் கணுவை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று அங்கே யாரோ சொன்னார்களாம்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். “இதை வெளியில பேசாதே. உனக்கும் நல்லதில்லை, கம்பெனிக்கும் நல்லதில்லை” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைக்குப் போனேன். அக்கா கயிற்றுக் கட்டிலில் கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“வா கண்ணு. நீதான் கண்டுபுடிச்சியாமே. ஃபோர்மேன் சொன்னாரு.”

அந்தச் சிரிப்புக்கு எதிரே என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒரு வாரம் முன்பே மெயில் வந்தது, திறக்கவில்லை, விட்டுவிட்டேன், வந்துச்சு என்று மட்டும் சொன்னேன் என்று.

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“இத நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே. இத்தினி நாளா யாரையும் திட்டாம கெடந்தேன்.”

பிறகு திட்டினாள். எனக்குத் தெரியாத கெட்ட வார்த்தைகள் எல்லாம் அதில் இருந்தன. அவள் மகள் பயந்து வாசலுக்கு ஓடினாள். முடித்துவிட்டு, “போ, கௌம்பு” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். பேக்கிங்கில் போட்டார்கள். என் அறைக்கு வரவில்லை. பேக்கிங் மேஜையிலேயே மற்றப் பெண்களோடு சாப்பிட்டாள். நான் எதிரே வந்தால் வழிவிட்டு நின்றாள், முதலாளிக்கு நிற்பது போல. அது திட்டைவிட வலித்தது.

மழைக்காலம் முடியும் சமயம், ஒரு மத்தியானம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு லெட்டர் எழுதவேண்டும் என்றாள். ஆள்காட்டி விரலின் நுனி இல்லாமல் பேனா பிடிக்க இன்னும் வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். ஓர் எழுத்துப் பிழையைக் காட்டித் திருத்தச் சொன்னாள். திருத்தியதும், கைநாட்டு வைக்கக் கட்டைவிரலை மேஜையிலிருந்த ஸ்டாம்ப் பேடு மையில் தோய்க்கப் போனவள் நிறுத்தி, பேனாவை இடது கையில் வாங்கி, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள்.