பச்சை ரிப்பன்காரியின் வலது கை

“அடி! அடி! பின்னாடி ஒருத்தி வர்றா பாரு!”

“நீங்க திருப்பினாத்தானே அண்ணி நான் அடிக்க முடியும்? சுவரைப் பாத்து நிக்க வெச்சுட்டு அடி அடின்னா? சுவரையா அடிக்கறது?”

பச்சை ரிப்பன் கட்டியவள் திரும்புவதற்குள் முதுகில் இரண்டு வாங்கிவிட்டாள். மூன்றாவதில் தெருவில் மல்லாந்து விழுந்தாள். அவ்வளவு பெரிய கண்கள் இரண்டும் பெருக்கல் குறிகளாக மாறின. திரையில் புரியாத மொழியில் ஏதோ எழுத்து வந்து போனது.

“செத்தா.”

“உங்களாலதான்.”

“ஆமா, என்னாலதான். உலகத்துல எது கெட்டாலும் என்னாலதான்.”

சமையலறை மேசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு கையடக்க வீடியோ கேம். அதன் இடது பாதி அண்ணியின் இடது கையில், வலது பாதி நாத்தனாரின் வலது கையில். நடக்க வைப்பது, திருப்புவது, குனிய வைப்பது அண்ணி. உதைப்பது, குத்துவது, சங்கிலியைச் சுழற்றுவது நாத்தனார். ஒரு பெண்ணை இரண்டு பேர் சேர்ந்து ஓட்டினால் அவள் எப்படிப் பிழைப்பாள்? அதற்கும் வேறு வழியில்லை. அண்ணியின் வலது கட்டைவிரல் அப்போது வளையாது.

அது வளையாமல் போனது பாத்திரம் கழுவும் தொட்டியில். சோப்பு நுரைக்கு அடியில் விளிம்பு உடைந்த கண்ணாடித் தம்ளர் ஒன்று கிடந்தது. கையை விட்டுத் துழாவியவளுக்குக் கட்டைவிரலை மடக்கும் நரம்பு அறுந்தது. தையல் போட்டு, ஆறு வாரம் கட்டுப்போட்டு, கட்டை அவிழ்த்துப் பார்த்தால் விரல் இருந்தது, சொன்னபடி கேட்கவில்லை. தம்ளரை அங்கே போட்டவள் யார் என்று அண்ணி கேட்கவில்லை. அந்த வீட்டில் காலை ஐந்தரைக்குப் பால் குடித்துவிட்டு அவசரமாக ஓடுகிறவள் ஒருத்திதான்.

நாத்தனாருக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். ஒரே குளியலறை உள்ள வீட்டில் பதினோரு வருடம் இரண்டு பெண்களும் பெரும்பாலும் நடுவில் ஓர் ஆளை வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். அந்த நடு ஆள் ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்கு அண்ணன். லிப்ட் பழுது பார்க்கிறவன். “கட்டடம் பூரா ஏறி இறங்கறது எனக்குக் கஷ்டமில்ல. இந்த ரெண்டு பேருக்கு நடுவுல இறங்கறதுதான்” என்பான்.

அண்ணி காலர்க்காரி. சட்டை தைக்கும் கம்பெனியில் பத்தொன்பது வயதில் நூல் வெட்டச் சேர்ந்தவள். சட்டைகளில் தொங்கும் நூல் முனைகளைக் கத்தரித்துக் குவிக்கும் வேலை அது. அங்கே யாருக்கும் மெஷின் கிடையாது, ஜன்னலும் கிடையாது. ஒருநாள் காலர் வைக்கும் பெண் வராததால் இவளை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். சட்டைக் கழுத்தில் காலரைப் பொருத்தும்போது மற்றவர்கள் சாக்பீஸால் குறி வைப்பார்கள். இவள் வைப்பதில்லை. இடது கை துணியைக் கொண்டுவரும், வலது கட்டைவிரல் மூலையை அமுக்கும், ஊசி இறங்கும். குறி அந்த விரலுக்குள் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக எத்தனை கழுத்துகளுக்கு அவள் காலர் வைத்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் முன்னால் நிற்பவனின் காலரைப் பார்த்து, “நம்மளுது இல்ல, இழுத்து வெச்சிருக்காங்க” என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

இப்போது அந்த விரல் மக்கர் செய்கிறது. கம்பெனி அவளுடைய மெஷினை நான்கு மாதம் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னது. அதற்குள் வந்து அரை மணி நேரத்தில் இருபது காலர் வைத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பழைய இடமே, நூல் வெட்டும் அறை. வேலை போகாது. ஆனால் காலர் போய்விடும்.

பிசியோதெரபி செய்த பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்து கொடுத்தாள். “ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்குங்க.” அண்ணி நான்கு தடவை அமுக்குவாள். விரல் அசையாது. பந்தை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவாள். பந்துக்குக் கண் இருப்பதுபோல ஒரு கோபம்.

கட்டுப் பிரித்து இரண்டாம் வாரம், நாத்தனார் வேலையிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் அந்த கேமை மேசையில் வைத்தாள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஓரத்தில் கீறல். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தை அவள் வாயில் வராது. அது பரம்பரை, அவள் அண்ணனுக்கும் வராது.

“இது எதுக்கு?”

“என்னால ஒத்தக் கையால ஆட முடியாது. இடது பக்கம் பிடிங்க.”

“உனக்குத்தான் ரெண்டு கை இருக்கே?”

“பிடிங்கன்னா பிடிங்களேன் அண்ணி.”

அப்படி ஆரம்பித்தது. ஐந்து நிஞ்ஜாப் பெண்கள். ரோஸ் முடி, நீல முடி, எப்போதும் கொட்டாவி விடும் ஒருத்தி, கண்ணாடி போட்ட ஒருத்தி, சங்கிலி சுழற்றும் பச்சை ரிப்பன். எதிர்த்து வருகிறவர்களும் பெண்கள்தான். தெருத் தெருவாக, கூரை கூரையாக ஓடி அடித்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஒருத்தி விசிறியோடு காத்திருப்பாள். ஏன் அடிக்கிறார்கள் என்பது அந்தப் புரியாத எழுத்தில் இருந்தது. அதனால் கதையை இவர்களே கட்டிக்கொண்டார்கள்.

“எல்லாரும் ஒரே கம்பெனில வேலை பாத்தவங்க” என்றாள் அண்ணி. “விசிறிக்காரி சூப்பர்வைசர். லீவு கேட்டுப் போறாங்க.”

“லீவுக்கா இத்தன உதை?”

“நீ எங்க கம்பெனிக்கு வந்து பாரு.”

ஆட்டத்தில் ஒரு வேண்டாத வேலையும் இருந்தது. அண்ணி பக்கத்துக் கீழ் அம்பையும் நாத்தனார் பக்கத்து மஞ்சள் பட்டனையும் ஒரே நொடியில் அழுத்தினால் பச்சை ரிப்பன் சண்டையை நிறுத்திவிட்டுக் குனிந்து வணக்கம் வைப்பாள். எதிரிகள் சும்மா இருப்பார்களா? வணக்கம் முடிவதற்குள் மொத்தி எடுத்துவிடுவார்கள். இரண்டு பேருடைய அவசரமும் மோதும்போதெல்லாம் இது நடந்தது. உச்சக்கட்டச் சண்டையில், நான்கு பேர் சூழ்ந்து நிற்க, அவள் நிதானமாகக் குனிந்து வணக்கம் வைப்பாள்.

“இவ ஒருத்தி! நேரம் காலம் தெரியாம மரியாதை” என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வாள். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடும். கட்டுப் போட்ட நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. மாலையில் வீட்டுக்கு வந்த கணவன் வாசலிலேயே நின்றான்.

“ரெண்டு பேரும் ஒரே கட்சி ஆயிட்டீங்களா? அப்ப நான் எந்தக் கட்சி?”

“நீ நடுவுல வராத, வெளிச்சம் மறைக்குது” என்றாள் தங்கை.

மூன்றாவது வாரம் நாத்தனார் ஒரு பட்டனை விட்டுக்கொடுத்தாள். “இந்த நீலம் இனிமே உங்களுது. குதிக்கறது மட்டும். நான் இங்க சும்மா இடம் விடறேன்.” அண்ணியின் வலது கட்டைவிரல் அந்தப் பட்டன்மேல் செத்த மீன்போலக் கிடந்தது. முதல் நாள் முழுவதும் பச்சை ரிப்பன் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை, பள்ளம் பள்ளமாக விழுந்தாள். இரண்டாம் நாள் ஒருமுறை குதித்தாள், பள்ளத்தில் விழுந்த பிறகு. ஐந்தாம் நாள் சரியான இடத்தில்.

பிசியோதெரபிப் பெண் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “பந்து நல்லா வேலை செய்யுது” என்றாள். பந்து அலமாரியில் தூசு படிந்து கிடந்தது.

பிறகு சிவப்புப் பட்டனும் பச்சைப் பட்டனும் கைமாறின. மஞ்சளை மட்டும் நாத்தனார் விடவில்லை. மஞ்சள்தான் சங்கிலி, விசிறிக்காரியை வீழ்த்துவதற்கு அது வேண்டும். அண்ணி அம்புகளால் நிறுத்துவாள், “அடி!” என்பாள், நாத்தனாரின் விரல் இறங்கும். அந்த ஒழுங்கு நன்றாகப் பழகிவிட்டது, அதுதான் பிசகு.

கம்பெனிச் சோதனைக்கு முந்தின நாள் நாத்தனார் மேசையிலிருந்து நாற்காலியைத் தள்ளி உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு மஞ்சளும் நீங்களே.”

“என்னால ஆகாது.”

“ஆகும்.”

“உன் விரல் மாதிரி என் விரல் இறங்காது. அடின்னு சொல்லிட்டு நான் காத்துக்கிட்டே இருக்கேன். வாயால சொல்லலேன்னாலும் உள்ளுக்குள்ள சொல்றேன்.”

“நாளைக்கு நான் உங்க மெஷின் பக்கத்துல வந்து உக்காரவா?”

“நீ உடைஞ்ச தம்ளரைப் போடாம இருந்திருந்தா யாரும் எங்கயும் உக்கார வேண்டியதில்ல.”

சொல்லிவிட்டாள். நான்கு மாதமாகச் சொல்லாதது மேசையில் வந்து விழுந்துவிட்டது. நாத்தனார் எழுந்திருக்கவில்லை. கேமின் கீறல் விழுந்த ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள். “அதுக்குத்தான் வாங்கினேன்.”

அண்ணி கேமை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள். விசிறிக்காரியிடம் ஏழு முறை தோற்றாள். எட்டாவது முறை ஆட நேரமில்லை.

கம்பெனியில் சூப்பர்வைசருக்கு ஸ்கேல் என்று பெயர், எப்போதும் கையில் ஒரு இரும்பு ஸ்கேல். அண்ணியின் மெஷினை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். எண்ணெய் வாடை. இருபது சட்டை, இருபது காலர், சுவரில் கடிகாரம். லைனில் எல்லோரும் குனிந்து தைப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு காலர் போனது தெரியாமல் போனது. எட்டாவதில் இடது கை துணியைக் கொண்டுவந்து நிறுத்தியது. வலது கை காற்றில் நின்றது. விரலில் வலி இல்லை, மரமரப்பு இல்லை. அது வேறு ஒருத்தியுடைய கை வருவதற்காகக் காத்திருந்தது. கடிகாரத்தில் அரை நிமிடம், முக்கால் நிமிடம். நூல் வெட்டும் அறையின் டியூப்லைட் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

“அடி!” என்று கத்தினாள்.

லைன் மொத்தமும் நிமிர்ந்தது. கட்டைவிரல் இறங்கியது. மூலை அமுங்கியது, ஊசி ஓடியது.

அதற்கப்புறம் ஒவ்வொரு காலருக்கும் உதட்டுக்குள் ஓர் ‘அடி!’. இருபதாவது முடிந்தபோது இருபத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. ஸ்கேல் ஒவ்வொன்றாக அளந்தார்.

“ஒண்ணு ஒரு நூல் விலகியிருக்கு. எட்டாவது.” சட்டையை மடித்தார். “அதைப் பிரிச்சுத் தைச்சுடு. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடும்மா.” இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். “யாரை அடிக்கச் சொன்னே?”

“என் நாத்தனார்கிட்ட சொன்னேன் சார்.”

அவர் ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “எங்க வீட்டிலயும் இதே கதைதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் கதவைத் திறந்து, கேட்காமல், முகத்தைப் பார்த்தாள். அண்ணி நேரே மேசைக்குப் போனாள். கேமை எடுத்து, பச்சை ரிப்பனைக் கூரை கூரையாக ஓட்டி, விசிறிக்காரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். திரையை நாத்தனார் பக்கம் திருப்பினாள். இடது விரல் கீழ் அம்பில், வலது விரல் மஞ்சளில். இரண்டையும் ஒரே நொடியில் அழுத்தினாள்.

பச்சை ரிப்பன் குனிந்து வணக்கம் வைத்தாள். நிதானமாக, முழுதாக. விசிறி சுழன்று வந்து அவளைத் தூக்கி எறிந்தது.

“ஐயோ அண்ணி! போச்சு! நல்லா வந்துட்டு…”

“போகட்டும்.”

நாத்தனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

“டீ குடிக்கிறீங்களா?”

“குடு. தம்ளரைப் பாத்துக் குடு.”

மறுநாள் அண்ணி ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தாள். இருநூற்றுப் பதினாறு காலர் வைத்தாள். மதியத்துக்குமேல் விரல் கொஞ்சம் வீங்கியது, குழாய்த் தண்ணீரில் காட்டினாள். நாத்தனார் இரண்டு மணிக்கு வீடு வந்து தனியாக ஆடினாள். இரண்டாவது தெருவைத் தாண்டவில்லை. கேமை சார்ஜில் போட்டுவிட்டு, தொட்டியில் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக் கழுவினாள்.