ரொட்டி உறையில் வில்லங்கம்

காசிக்குப் போனால் பிடித்த ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும். நான் பாகற்காயை விட்டேன். அதை அதுவரை இரண்டு முறை சாப்பிட்டிருந்தால் அதிகம். என் மனைவி பாலை விட்டாள். கங்கைக் கரையில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊர் திரும்பி ஒன்பது வருடம் கடுங்காப்பி குடித்தாள். அவள் போனபிறகு நானும் பாலை விட்டேன். தாமதமாகப் பதிந்தாலும் அபராதத்தோடு செல்லும் என்பது, முப்பது வருடம் சார்பதிவாளராக இருந்த எனக்குத் தெரியாதா?

தொண்ணூற்றெட்டில் மகன் என்னை அமெரிக்காவுக்கு, ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக் கூட்டிப் போனான். அவனும் மருமகளும் ஏழு மணிக்குக் காரில் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவார்கள். மதியத்துக்கு எனக்கு ரொட்டியும் ஊறுகாயும். நடைபாதையே இல்லாத சாலையோரமாக நடந்து, சூப்பர் மார்க்கெட்டில் நானே வாங்கிவருவேன். அந்தச் சாலையில் நடப்பவன் நான் ஒருவன்தான்.

ஒரு நாள் பொழுது போகாமல் ரொட்டி உறையை வில்லங்கம் பார்ப்பதுபோல் வரிவரியாகப் படித்தேன். பதினோராவது பெயர் கேசினேட். ஏதோ உப்பு என்று நினைத்தேன். அகராதி, பாலிலிருந்து எடுப்பது என்றது. நான்கு மாதமாக அதைத்தான் தின்றுகொண்டிருந்தேன்.

மருமகளிடம் சொன்னேன். "ஐயோ மாமா, அதுல ஒரு டிராப் இருந்தாலே அதிகம். சாமி இதையெல்லாமா செக் பண்ணிட்டிருக்கும்?" என்றாள்.

சாமியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்தக் கங்கைக் கரைப் பார்வைதான்.

மறுநாள் பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போய் ஒரு தட்டு விடாமல் பரிசோதித்தேன். மோர்ப்பொடி, வெண்ணெய், பால்பொடி. ஒரே ஒரு ரொட்டி தேறியது. அதிலும் 'இயற்கைச் சுவைகள்' என்று ஒரு வரி. விவரம் இல்லாத பத்திரத்தை நான் பதிந்ததில்லை. வாங்கிவந்து, உறையிலிருந்த இலவச எண்ணுக்குப் போன் செய்தேன்.

எடுத்த பெண் யாரையோ விசாரித்துவிட்டு வந்து, பால் கலப்பே இல்லை என்றாள். "நீங்கள் வீகனா, சார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். பால், முட்டை, இறைச்சி எதையும் தொடாதவர்கள் என்று பொறுமையாக விளக்கினாள்.

"நான் இல்லை அம்மா, என் மனைவிதான் பாலை விட்டவள்."

"அவருக்கும் இந்த ரொட்டி பிடிக்கும் பாருங்கள்" என்றாள்.

நான் திருத்தவில்லை.

அட்டைபோலிருந்த அந்த ரொட்டியைக் கடுங்காப்பியில் நனைத்து இரண்டு துண்டு தின்றேன். அடுத்த வாரம் அதே எண்ணுக்கு, அதே கேள்வியோடு, மறுபடி போன் செய்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். பால் இல்லை என்று சொல்லி, வீகனா என்றுகூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டார்கள்.