அப்பா தலை

சிதம்பரத்தில் ஸ்கேன் எடுத்த அந்த டாக்டரம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. மெலிந்த கைகள், சிரிப்பில்லாத முகம். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த எங்கள் மகனுக்குத் தலை வயதுக்கு மீறிப் பெருத்திருந்தது. மூளையில் நீர் கோத்திருக்கலாம் என்று கடலூரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குளிர்ந்த ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் அவர் குழந்தையின் உச்சிக்குழியில் தடவினார். பிறகு கருவியை நகர்த்தி நகர்த்தித் திரையைப் பார்த்தார். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"தண்ணி இருக்காம்மா?"

"நீங்க தலத்துண்ட எடுங்க."

தலையில் கட்டியிருந்த துண்டைக் கூச்சத்தோடு எடுத்தேன். என் தலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"உள்ள எல்லாம் நல்லாருக்கு. அப்பா தலை வந்திருக்கு, அவ்ளோதான். மாசாமாசம் அளந்து பாத்துக்குங்க."

அடுத்த குழந்தையை உள்ளே கொண்டுவந்தார்கள். சிரிப்பு மறைந்து, மறுபடி ஜெல்லைச் சூடாக்கத் தொடங்கினார். அந்தக் குழந்தையின் அப்பாவைப் பார்த்தும் அவர் சிரித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.