சுடலைமாடனுக்கு நேர்ந்த காட்டுச்சேவல்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தாராவியில் ஒரு சோடாக் கடையில் தொடங்கி, செம்பூரில் மாடி வீடு கட்டியவன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் மிடுக்கு இருக்கத்தான் செய்யும். பாபநாசம் மலையடிவாரத்தில் பிறந்த எனக்குக் காட்டுக்கோழியைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அன்றைய பம்பாயில் வேறு ஒருவனுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட என்னையே ஓரங்கட்டியவள் ஒருத்தி உண்டு. என் கடைக்குப் பின்னால் குடியிருந்த முப்பிடாதியம்மாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவள் புருஷன் செல்லப்பாண்டி மஞ்சள் காமாலையில் படுத்தான். தோல் கிடங்கில் வேலை அவனுக்கு. முப்பிடாதி அப்பளம் இட்டு, லோக்கல் ரயிலில் முலுண்ட் வரை கொண்டுபோய் விற்றுக் குடும்பத்தைத் தள்ளினாள். ஒரு நாள் முலுண்ட் ஸ்டேஷன் வாசலில், மலையிலிருந்து களாக்காய் விற்க வந்த ஒருத்தியின் கூடையில் சின்னச் சின்ன முட்டைகளைப் பார்த்தாள். ஏதோ மலைப்பக்கத்து நாட்டுக்கோழி முட்டை என்று நினைத்து வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு வந்து, அடை கிடந்த தன் கோழிக்கு அடியில் வைத்துவிட்டாள். வைத்த கையோடு எங்கள் தெருச் சுடலைமாடனிடம் நேர்ந்தும் கொண்டாள். புருஷன் எழுந்து நடந்தால், இந்த அடையில் பொரிக்கும் முதல் சேவல் சாமிக்கு. அதைக் கொடுக்கும்வரை அவள் புருஷன் கறி மீன் தொடக் கூடாது.

மூன்று வாரத்தில் ஒரே ஒரு குஞ்சு பொரிந்தது. செல்லப்பாண்டியும் எழுந்து நடந்தான். நடந்தவன் நேராக என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, மட்டன் எங்க நல்லாருக்கும்?" என்றான்.

அவனை உட்காரவைத்துவிட்டுக் குஞ்சைப் போய்ப் பார்த்தேன். முதுகில் பட்டை பட்டையாகப் பழுப்புக் கோடு. என் நிழல் பட்டதும் சாக்குக்கு அடியில் ஓடிப் பதுங்கி, உயிரில்லாதது போலக் கிடந்தது. காட்டில் சருகுக்குள் அப்படித்தான் கிடக்கும்.

"ஏ முப்பிடாதி, இது வீட்டுக்கோழி இல்ல தாயி. காட்டுக்கோழி."

"கோழிதான அண்ணாச்சி?"

"கோழிதான். ஆனா குருணையப் போட்டா வளராது. கறையான் வேணும், புழு பூச்சி வேணும். பெருசான பொறவு பழம், புல்லு விதை, மூங்கிலரிசி."

"மூங்கிலரிசியா? எங்க வீட்டுக்காரருக்கே ரேஷன் அரிசிதான்!"

வாயால் அப்படிச் சொன்னாளே தவிர, விடவில்லை. தண்டவாளத்து ஓரம் மட்கிக் கிடந்த கட்டைகளைத் தட்டித் தட்டி டப்பா நிறையக் கறையான் கொண்டுவந்தாள். மாதுங்கா மார்க்கெட்டில் கனிந்து விழுந்த அத்திப்பழம் பொறுக்கினாள். வீட்டில் குஞ்சுக்கு விருந்து, புருஷனுக்குப் பத்தியம்.

"எளா, அது முன்னால என்ன கெடக்கு?"

"வெட்டுக்கிளி."

"அப்போ அதுவும் கறிதான? எனக்கு மட்டும் மோர்க்கஞ்சியா?"

"அதுக்கு ஈரல் நல்லாருக்கு. ஒமக்கு அப்பிடியா?"

அடுத்த ஆண்டு சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. எங்களுக்குச் சாமியாடும் கோமரத்தாடி வெயிலுமுத்து, பறவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெட்ட மாதிரில்லா இருக்கு? சாமி ஏக்காது" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. காட்டுச்சேவலுக்கு முழு உடுப்பு வர இரண்டாவது வருஷம் ஆகும். பத்தியமும் அத்தோடு நீண்டது. "கொண்ட சீக்கிரம் மொளைக்க மருந்து ஏதாச்சும் உண்டா அண்ணாச்சி?" என்று செல்லப்பாண்டி என்னிடம் அழாத குறை.

மறு கொடைக்குள் சேவல் மாப்பிள்ளை போல ஆகிவிட்டது. கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகு சொட்டியது போல மஞ்சள் பொட்டு. கறுத்து வளைந்த வால் வெயிலில் மினுங்கியது. காலைக் கட்டிக் கொண்டுபோகச் சொன்னேன்.

"சாமிக்குக் குடுக்கதக் கைதி மாதிரியா கொண்டுபோவாவ? நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி."

பஞ்சாரக் கூடையில் வைத்து மேளதாளத்தோடு போனாள். பீடத்துக்கு முன்னால் கூடையைத் தூக்கினாள். அவ்வளவுதான். சேவல் படபடவென்று தகரக் கூரைகளுக்கு மேல் எழும்பி, கோயில் அரசமரத்து உச்சியில் போய் உட்கார்ந்தது.

மேளம் நின்றது. அருவாளோடு ஆடிக்கொண்டிருந்த வெயிலுமுத்து உறுமினான்: "எங்கட்டீ எனக்கு நேந்த சேவல்?"

செல்லப்பாண்டியின் முகம் செத்துப்போனது. முப்பிடாதி சேலையை இடுப்பில் செருகினாள்.

"ஒம்ம முன்னாலதான தொறந்து விட்டேன்? கையில அருவாள வச்சிக்கிட்டு வேடிக்க பாத்தது நீரு! பிடிக்காம விட்டதுக்கு நானா பொறுப்பு?"

ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. மரத்து மேலிருந்து சேவல் ஒரு கூவல் கூவியது. சாமி அண்ணாந்து பார்த்தது.

"சரி. வந்து சேந்துட்டு."

"அப்பிடிச் சொன்னா ஆச்சா? அடுத்த கொடைக்கு வந்து பாக்கின்னு கேக்கப்பிடாது. ஊர் முன்னால சொல்லும்."

"கேக்க மாட்டேன்."

"இவரு பத்தியம்?"

சாமி கொஞ்சம் யோசித்தது. "முடிஞ்சிட்டு."

சாமி கொடுத்த திருநீற்றைக் கையில் ஏந்திக்கொண்டு புருஷன் நெற்றியில் பூசத் திரும்பினாள். ஆளைக் காணோம். படையல் கறிச்சோற்றுப் பந்தியில், இன்னும் தண்ணீர்கூடத் தெளிக்காத முதல் இலைக்கு முன்னால் செல்லப்பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.