படிகாரம் போட்ட பாவாடைகள்

பிராட்ஃபோர்டில் நான் பிடில் வாசித்த மியூசிக் ஹாலில் கெசியா பிராக்கை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. ஆட்டக்காரிகளின் உடைகளைத் துவைத்துக் கஞ்சி போடுவது அவள் வேலை. கஞ்சியில் படிகாரத்தையும் கரைத்து, மஸ்லின் பாவாடைகளை அதில் முக்கி எடுப்பாள். அந்தத் துணி நெருப்புப் பட்டால் கருகுமே தவிரப் பற்றி எரியாது. ஆனால் மொடமொடக்கும், வெள்ளையும் மங்கிவிடும்.

தலைமை ஆட்டக்காரி லாவினியா ஃபேனுக்கு அது ஆகவே ஆகாது.

"இது பாவாடையா, சாக்கா? இடுப்பெல்லாம் அறுக்குது. வேணும்னே பண்றே, கிழவி."

"மேடை ஓரத்துல முப்பது கேஸ் விளக்கு திறந்து எரியுது. நீ அது மேலயே போய்ச் சுத்துறே. வெந்து சாகணும்னா வேற இடம் பாரு."

"நீ முதல்ல சாவு."

1874 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதிய ஆட்டம். பால்கனியில் விசில் பறக்க, லாவினியா விளிம்புவரை வந்து சுழன்றாள். மேடைக்குக் கீழே வாத்தியக்காரர் குழியில் இருந்த எனக்கு நேர் மேலே. பாவாடை ஓரம் சுடரில் பட்டுப் புகைந்தது. நான் பிடிலைப் போட்டுவிட்டு எழுந்தேன். தீ எழவில்லை. கையகலக் கருப்பு ஓட்டையோடு நின்றுவிட்டது. அதற்குள் கெசியா பக்கத்திரையிலிருந்து ஈரக் கம்பளியோடு ஓடிவந்து, அவளைக் கீழே தள்ளிச் சுற்றி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் உருண்டு சிரித்தது. "இன்னொரு தடவை, பாட்டி!" என்று ஒருவன் கத்தினான்.

உள்ளே போனதும் லாவினியா அவளை அறைந்தாள். கெசியா திருப்பி அறைந்தாள்.

மேலாளர் ஹாட்ஜ்கிஸ் வந்தார். "தீயே பிடிக்கல. எதுக்குக் கம்பளி? சனம் மிரண்டு வாசலுக்கு ஓடியிருந்தா எத்தனை பேர் நசுங்கியிருப்பாங்க தெரியுமா?"

"ஏன் பிடிக்கலன்னு அவளைக் கேளுங்க," என்றாள் கெசியா.

"திங்கக்கிழமையிலேர்ந்து வராதே."

புதிதாக வந்தவள் வெறும் கஞ்சிதான் போட்டாள். பாவாடைகள் பளீரென்று வெளுத்தன. லாவினியாவோ விளக்குகளுக்கு நான்கடி தள்ளியே ஆடினாள். எவ்வளவு விசிலடித்தாலும் முன்னே வரவில்லை. பால்கனிக்காரர்கள் ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள்.

கோடையில் கெசியாவை ஒரு சலவைக்கூடத்தில் பார்த்தேன். நலம்கூட விசாரிக்கவில்லை.

"அவ எரிஞ்சாளா?"

"இல்ல. விளக்குகிட்டயே வர்றதில்ல."

இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் அழுத்தினாள். "அன்னைக்கு அவளை லேசாவாவது சுட்டிருக்கணும்," என்றாள்.

அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.